இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஓராண்டில் கற்பது என்ன?

குறுகிய கால நெல்லின் நாற்றை ஏறத்தாழ இருபது நாட்களில் பறித்து நட்டுவிட வேண்டும் என்பதை நம் விவசாயிகளுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாற்று முற்றிவிட்டால், பின்னர் எவ்வளவு உரமிட்டாலும் தூர் கட்டுவது குறைந்தே போகும். பிள்ளைகளின் படிப்பிலும் இத்தகைய ஒரு பருவம் உண்டு. பருவம் தவறியவன் கற்கவே முடியாது என்று நாம் கூற வரவில்லை. கற்கலாம், ஆனால் அதற்குப் பிள்ளையும் ஆசிரியரும் படும் பாடு பன்மடங்கு ஆகிவிடுகிறது. அப்பருவம் எது, அதில் பிள்ளை என்ன கற்கிறது, கற்றுவிட்டதா என்பதைப் பெற்றோரும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் எவ்வாறு அறிவது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சென்ற ஆண்டு மாசி மாதத்தில், நமது வட்டாரத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் நடைபெற்ற கழிப்பறைக் கட்டட வேலையைப் பார்வையிடச் சென்றிருந்தோம். வேலையைப் பார்த்து முடித்தபின் ஐந்தாம் வகுப்பில் சற்று நேரம் அமர்ந்தோம். ஒரு சிறுமியின் குறிப்பேட்டில் எழுத்துகள் முத்து முத்தாக இருந்தன. அவள் எழுதியதையே வாசித்துக் காட்டும்படி கேட்டோம். அவள் தலை குனிந்து நின்றாள். கரும்பலகையில் உள்ளதைப் படம் வரைவது போல் பார்த்து எழுதக் கற்றிருந்தாளே அன்றி, அதனை வாசிக்க அறியவில்லை. முதல் மூன்று வகுப்புகளிலும் ஒவ்வோர் ஆண்டும் தை பிறந்ததும் பெற்றோருடன் செங்கல் சூளைக்குச் சென்று, வைகாசியில் திரும்பியவள் அவள் என்று தலைமையாசிரியை கூறினார். அன்று பள்ளிக்கு வந்திருந்த அவளுடைய தகப்பனார் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, இப்போது பாட்டி வீட்டில் விட்டிருக்கிறோம். தினமும் பள்ளிக்கூடம் போகிறாள். நோட்டு நோட்டாக எழுதியிருக்கிறாள். படிக்கத் தெரியவில்லை என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அக்கேள்விக்கு அன்று நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. அதற்கு விடையாகவே இதனை எழுதுகிறோம்.

பள்ளி ஆண்டின் அளவு

தொடக்க வகுப்புகளுக்கு ஓராண்டில் 200 வேலை நாட்கள், 800 கற்பித்தல் மணி நேரம் இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வரையறுத்துள்ளது. நம் மாநிலத்தில் 2012-13 முதல் முப்பருவ முறை நடைமுறைக்கு வந்தது. ஆனியில் தொடங்கும் படிப்பு மூன்று பருவங்களாகப் பகுக்கப்பட்டு, தை முதல் பங்குனி, சித்திரை வரை மூன்றாம் பருவம் நடைபெறுகிறது. இரண்டாம் வகுப்பில் அமரும் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் ஆகிய நான்கு பாடங்கள் உள்ளன.

தமிழ்

தமிழ் நெடுங்கணக்கில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள். இவ்வளவையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டுமாயின் பிள்ளை மலைத்துப் போகும். உண்மையில் அவ்வாறு செய்ய வேண்டியதில்லை. உயிரையும் மெய்யையும் அறிந்தபின், கால், கொம்பு, சுழி முதலிய குறிகளின் ஒலியை அறிந்துகொண்டால் உயிர்மெய்கள் தாமே வசப்படும். முதல் வகுப்பில் தொடங்கும் இவ்வேலை இரண்டாம் வகுப்பில் முற்றுப்பெற வேண்டும்.

பிள்ளைகள் இடறும் இடங்கள் சில உண்டு. கால் என்னும் குறியும் 'ர' என்னும் எழுத்தும் ஏறத்தாழ ஒரே உருவம் உடையவை. ஆதலால் 'பால்' என்பதைப் 'பரல்' என்று வாசிக்கும் பிள்ளைகளைக் காணலாம். கொம்பு எழுத்துக்கு முன்னால் எழுதப்பட்டாலும் அதன் ஒலி பின்னால் வருகிறது. 'கு, சு, து, மு' என்பவற்றில் உகரக் குறி எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. ண, ந, ன என்பவற்றிலும் ல, ழ, ள என்பவற்றிலும் மயக்கம் நேரிடும். இவை அறிவுக் குறைவால் வரும் பிழைகள் அல்ல. எல்லாப் பிள்ளைகளும் கடந்து செல்லும் படிகளே. ஆசிரியர் நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருத்த, அவை மறைந்துவிடும். அந்நாட்களில் பிள்ளை வகுப்பில் இல்லையெனில் பிழை வேரூன்றிவிடும்.

ஆண்டு இறுதியில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை, முன்பு பார்த்திராத ஒரு சிறு கதையை வாசித்து, அதனைத் தன் சொற்களில் கூறவும், நாம் சொல்லும் எளிய வாக்கியத்தைக் கேட்டு எழுதவும் வல்லதாக இருத்தல் வேண்டும்.

கணக்கு

முதல் வகுப்பில் எண்களை எண்ணக் கற்ற பிள்ளை, இரண்டாம் வகுப்பில் அவற்றின் இடமதிப்பை அறிகிறது. 34 என்பது மூன்று பத்துகளும் நான்கு ஒன்றுகளும் ஆகும். 43 என்பது வேறு. இதனைப் புத்தகத்தைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. ஈர்க்குக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, மிகுந்தவற்றைத் தனியே வைத்துக் காட்டும்போதே பிள்ளைக்கு விளங்குகிறது. வயலில் நாற்று முடியை எண்ணும் விவசாயிக்கு இம்முறை புதிதன்று.

நம் மொழியின் எண்ணுப் பெயர்களிலும் ஒரு நுட்பம் உண்டு. இருபது, முப்பது முதல் எண்பது வரை யாவும் பத்தின் பெயரைத் தாங்கி வருகின்றன. ஆனால் எண்பதுக்கு அடுத்து வரும் தொண்ணூறு என்பதில் 'நூறு' ஒலிக்கிறது. ஆகவே தொண்ணூறுகளில் பிள்ளைகள் தயங்குவது இயல்பே.

பின்னர் கூட்டலும் கழித்தலும் வருகின்றன. 42 ரூபாயில் 17 ரூபாய் செலவானால் மீதி எவ்வளவு என்று கேட்டால், சில பிள்ளைகள் 35 என்று விடை எழுதுவர். இரண்டிலிருந்து ஏழைக் கழிக்க இயலாது என்று கண்டு, ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுவதே அதற்குக் காரணம். ஒரு பத்துக் கட்டை அவிழ்த்துப் பன்னிரண்டு ஒன்றுகளாக்கி, அதிலிருந்து ஏழை எடுக்க வேண்டும் என்பதைக் குச்சிகளைக் கொண்டு செய்து பார்த்த பிள்ளை, 25 என்று பிழையின்றிக் கூறும். குச்சிகளைத் தொடாமல் வாய்பாட்டை மட்டும் ஒப்பித்த பிள்ளைக்கு 35 தவறு என்பதே தோன்றாது.

இவற்றோடு அளத்தலும் கற்பிக்கப்படுகிறது. மேசையின் நீளத்தைப் பிள்ளை தன் சாணால் அளக்கிறது. ஆசிரியரும் தம் சாணால் அளக்கிறார். இருவர் கணக்கும் ஒத்துவருவதில்லை. ஏன் என்று எண்ணிப் பார்க்கும்போதே, எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் தேவை என்பதைப் பிள்ளை உணர்கிறது. பூக்காரியின் முழமும் வாங்குபவரின் முழமும் வேறுபடுவதைக் கண்ட நமக்கு இதன் பயன் எளிதில் விளங்கும்.

சூழ்நிலையியல்

தாவரம், விலங்கு, நீர், உணவு, உடல் தூய்மை, குடும்பம், ஊருக்கு உழைப்போர் ஆகியவை இப்பாடத்தில் அடங்கும். இவற்றின் பெயர்களை மனப்பாடம் செய்வது இப்பாடத்தின் நோக்கம் அன்று. உற்று நோக்குதல், இனம் பிரித்தல், காரணம் கேட்டல் ஆகிய மூன்று பழக்கங்களே இதன் பயன்.

பச்சைப் பயற்றை ஈரத்துணியில் ஒரு பிடியும், உலர்ந்த துணியில் ஒரு பிடியும் முடிந்து வைத்தால் எது முளைக்கும்? விதை நேர்த்தி செய்யும் நமக்கு விடை தெரியும். பிள்ளையோ தன் கண்ணால் கண்டு அறிகிறது. முளைத்தவை எத்தனை என்று எண்ணும்போது அது கணக்குப் பாடம். கண்டதை இரண்டு வரியில் எழுதும்போது அது தமிழ்ப் பாடம். மூன்றாம் வகுப்பில் இப்பாடமே அறிவியல் என்றும் சமூக அறிவியல் என்றும் இரண்டாகப் பிரிகிறது.

ஆங்கிலம்

ஆங்கிலத்தைப் பற்றிப் பெற்றோர் மிகுந்த கவலை கொள்கின்றனர். ஆங்கிலப் பாட்டைப் பிள்ளை ஒப்பித்தால் மகிழ்ச்சியடைகின்றனர். அது தவறன்று. ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். தமிழில் எழுத்தின் பெயரும் அதன் ஒலியும் பெரும்பாலும் ஒன்றே. ஆங்கிலத்தில் அவை வேறு வேறு. 'டபிள்யூ' என்று பெயர் பெற்ற எழுத்து 'வ' என்னும் ஒலியைத் தருகிறது. ஆதலால் எழுத்துகளின் பெயர்களை வரிசையாகக் கூறுவது வேறு, சொல்லை வாசிப்பது வேறு. எழுத்து என்பது ஒலியின் அடையாளம் என்பதைத் தன் தாய்மொழியில் நன்கு உணர்ந்த பிள்ளைக்கு மற்றொரு மொழியின் எழுத்தும் எளிதில் கைவரும். இரண்டாம் வகுப்பில் எளிய சொற்களை வாசிப்பதும், சிறு வினாக்களுக்கு விடை கூறுவதும் போதுமானவை.

ஒன்று குறைந்தால் மற்றவையும் குறையும்

பாடங்கள் நான்கு என்றாலும், வாசிப்பே மற்ற எல்லாவற்றுக்கும் வாய்க்கால். "தோட்டத்தில் 15 மாங்காய் பறித்தார்கள். அத்தைக்கு 6 கொடுத்தார்கள். மீதி எத்தனை?" என்பது புத்தகத்தில் உள்ளதைப் போன்ற ஒரு கணக்கு. இதனை நாம் வாயால் சொன்னால் ஒன்பது என்று உடனே கூறும் பிள்ளை, வாசிக்கத் தெரியாததால் தாளை வெறுமையாக வைத்துவிடுகிறது. பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். மூன்றாம் வகுப்பு முதல் வரும் புத்தகங்கள், பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்பதை அடிப்படையாகக் கொண்டே எழுதப்பட்டவை. வாசிக்காத பிள்ளைக்கு அதன்பின் ஒவ்வொரு பாடமும் அடைபட்டுப் போகிறது. அப்பிள்ளை அழுவதில்லை, முறையிடுவதில்லை. பின்வரிசையில் அமர்ந்து கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறது.

கொரோனாத் தொற்றுக் காலத்தில் இத்துன்பத்தை மாநிலம் முழுவதும் கண்டோம். 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றே மீண்டும் திறக்கப்பட்டன. முதல் வகுப்பின் பெஞ்சில் ஒரு நாளும் அமராமலே இரண்டாம் வகுப்பிற்கு வந்த பிள்ளைகள் ஏராளம். அவ்விடைவெளியை நிரப்புவதற்காகவே 2022-23 கல்வியாண்டில் 'எண்ணும் எழுத்தும்' இயக்கம் முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கப்பட்டது. ஒரே வகுப்பிலுள்ள பிள்ளைகளை அவர்கள் அறிந்திருக்கும் அளவுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரித்து, அவரவர் நிலையிலிருந்து கற்பிப்பது அதன் முறை. எல்லா நாற்றும் ஒரே உயரத்தில் இல்லை என்பதை ஒப்புக்கொண்ட முறை இது எனலாம்.

தவறிய நாட்களின் கணக்கு

200 நாட்களுக்கு 800 மணி எனில் நாளொன்றுக்கு 4 மணி. வாரத்திற்கு ஒரு நாள், ஆடு மேய்க்கவோ தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவோ பிள்ளையை நிறுத்தினால், ஐந்தில் ஒரு பங்காகிய 40 நாட்கள், அதாவது 160 மணி நேரம் போய்விடுகிறது. தை மாதம் வேலை தேடி வெளியூர் செல்லும் குடும்பத்தின் பிள்ளை மூன்றாம் பருவம் முழுவதையும் இழக்கிறது. முதலிரண்டு பருவங்களில் கற்ற குறிகளும் பத்துக் கட்டுகளும் பழக்கத்தில் ஊறுவது அப்பருவத்தில்தான். தொடர்ந்து மூன்றாண்டுகள் அதனை இழந்தால் பிள்ளை ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பையே இழந்ததாகும். நாம் கண்ட சிறுமியின் நிலை இதுவே.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனைகள்

படிப்பறிவில்லாத பெற்றோரும் கீழ்க்கண்டவற்றைச் செய்து பார்க்கலாம்.

1. புத்தகத்தில் படத்தைக் கையால் மறைத்து, பக்கத்தின் கடைசி வரியிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளையால் இது இயலாது. வாசிக்க அறிந்த பிள்ளைக்கு இது எளிது. விதைப் பொட்டலத்தையும் பேருந்துப் பலகையையும் கூடக் காட்டலாம்.

2. "நாளைக்குச் சந்தைக்குப் போக வேண்டும்" என்பது போன்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லி எழுதச் செய்யுங்கள். தாளை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்து வேறொரு பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன சொற்களே திரும்பி வந்தால், எழுதிய பிள்ளைக்கு எழுதத் தெரியும். வாசித்த பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும்.

3. ஒரு கதையை வாசிக்கச் செய்து, அதில் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று கேளுங்கள். வாய் வாசித்ததை மனம் வாங்கியதா என்பது விளங்கும்.

4. 34 குச்சிகளைக் கொடுத்துப் பத்துப் பத்தாகக் கட்டச் சொல்லுங்கள். 50 ரூபாய் கொடுத்து 32 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேளுங்கள்.

5. தோட்டத்திலிருந்து ஐந்து வகை இலைகளைப் பறித்து வரச் செய்து, அவற்றை இரண்டு கூறாகப் பிரிக்கச் சொல்லுங்கள். எவ்வாறு பிரித்தாலும் சரியே. ஏன் அவ்வாறு பிரித்தாய் என்பதற்குக் காரணம் கூற வேண்டும்.

இவற்றில் பிள்ளை தவறினால் அடிக்கவும் வேண்டாம், பிறர் முன் இழித்துப் பேசவும் வேண்டாம். அது பிள்ளையின் குற்றம் அன்று. அந்த வாரத்திலேயே ஆசிரியரைச் சந்தித்து, எந்த இடத்தில் இடறுகிறது என்று கேளுங்கள். ஆசிரியரைக் குற்றம் சாட்டும் நோக்கத்துடன் செல்லாமல், உடன் உழைக்கும் நோக்கத்துடன் செல்லுங்கள்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

பள்ளிக்கூடம் கல்வித் துறையைச் சேர்ந்தது, நமக்கு அதில் என்ன வேலை என்று கேட்கும் உறுப்பினர்கள் உண்டு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், உள்ளாட்சி அமைப்புகளுக்கும் கடமைகளை விதித்துள்ளது. தன் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் பதிவேட்டைப் பராமரித்தல், அவர்கள் பள்ளியில் சேர்வதையும் வருவதையும் கண்காணித்தல், இடம் பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்த்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிக்கு இடம் உண்டு. அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், சரிபாதியினர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும்.

முதலாவதாக, மார்கழி மாதத்திலேயே வெளியூர் வேலைக்குச் செல்லவிருக்கும் குடும்பங்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். பிள்ளையை உறவினர் வீட்டில் விட இயலுமா என்று அக்குடும்பத்துடன் அமர்ந்து பேச வேண்டும். இயலாவிடின், சென்ற இடத்திலுள்ள பள்ளியில் சேர்க்கும்படி வற்புறுத்த வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுத்தல் கூடாது என்பது சட்டம். இதனை அக்குடும்பத்தார் அறிந்து செல்லுதல் அவசியம். அவ்வாறே, வேலைக்காக நம் ஊருக்கு வந்து தங்கியிருப்போரின் பிள்ளைகளையும் நம் பிள்ளைகளாகவே கருதிப் பள்ளியில் சேர்த்தல் வேண்டும்.

இரண்டாவதாக, மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கட்டடம், குடிநீர், கழிப்பறை ஆகியவற்றைப் பேசுவதோடு, முதல் மூன்று வகுப்புகளில் எத்தனை பிள்ளைகள் சரளமாக வாசிக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். பிள்ளைகளின் பெயர்களைப் பலர் முன் படிக்க வேண்டியதில்லை. எண்ணிக்கை போதும். அடுத்த கூட்டத்தில் அது உயர்ந்ததா என்று பார்த்தல் வேண்டும்.

மூன்றாவதாக, 2006-07 முதல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட ஊர் நூலகம் நம் பஞ்சாயத்தில் இருப்பின், அது மாலையில் திறந்திருக்கிறதா என்று சென்று பார்க்க வேண்டும். சிறுவர்க்குரிய பத்துப் படக்கதைப் புத்தகங்கள் ஒரு தாழ்ந்த பலகையில் கைக்கெட்டும்படி இருப்பது, பூட்டிய அலமாரியில் நூறு புத்தகங்கள் இருப்பதினும் மேலானது.

1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட காலை உணவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தன. வந்த பிள்ளை கற்றதா என்று பார்ப்பது நம் அனைவரின் பொறுப்பாகும்.

நாம் முற்கூறிய சிறுமிக்கு, தலைமையாசிரியை நாள்தோறும் அரை மணி நேரம் ஒதுக்கி, இரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்கினார். கோடை விடுமுறைக்கு முன் மீண்டும் அங்குச் சென்றபோது, அவள் எழுத்துக்கூட்டி ஒரு சிறு பாடத்தை வாசித்துக் காட்டினாள். தகப்பனார் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மகிழத்தக்க காட்சிதான். ஆயினும் ஆனியில் அவள் ஆறாம் வகுப்பில் அமர வேண்டியவள். கையில் இருந்ததோ இரண்டாம் வகுப்புப் புத்தகம். இடையிலுள்ள நான்காண்டுகளை அவள் ஓடிக் கடக்க வேண்டும்.

நம் ஊர்களில் இன்று இரண்டாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஓட்டம் நேராமல் தடுக்க இயலும். அதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் வேண்டியதில்லை. பிள்ளை நாள்தோறும் பள்ளிக்குச் செல்லுதல், வாரம் ஒருமுறை அது வாசிப்பதை அருகிலிருந்து கேட்டல், தை பிறக்குமுன் பஞ்சாயத்து விழித்துக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் போதும். இன்று மாலை வயலிலிருந்து திரும்பியதும், உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்துக் கடைசி வரியிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள்.